.22 ரைஃபிளில் ஸ்கோப் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நடுப்புள்ளியில் அடித்த ரைஃபிள் இந்த வாரம் இரண்டு அங்குலம் இடப்பக்கம் அடிக்கிறது. உடனே கை டர்ரெட்டுக்கு, அதாவது ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகுக்குமிழுக்குப் போகிறது. நாலு கிளிக் வலது, மூணு கிளிக் மேலே, மறுபடி ரெண்டு கிளிக் இடது. ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி தீர்ந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். டர்ரெட் கடைசியாகத் தொட வேண்டிய இடம். அதற்குக் கீழே ரிசீவரை (போல்ட் இயங்கும் உலோக உடல்) ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டை) பிடிக்கும் திருகு, பேஸ் (ரிங் உட்காரும் தளம்), ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் கால், ரிங்கின் மூடி என்று நான்கு இணைப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று அசைந்தாலும் போதும், நீங்கள் எண்ணித் திருப்பிய கிளிக்குக்கு அர்த்தமே இல்லை.

இந்தக் கோளாறுகள் பளிச்சென்று தெரியும் இடம் சில்லவெட் போட்டி. மெக்சிகோவில் தொடங்கி அமெரிக்காவில் பரவிய விளையாட்டு இது. .22 ரைஃபிளுக்கான பிரிவில் 40 மீட்டரில் கோழி, 60-ல் பன்றி, 77-ல் வான்கோழி, 100-ல் செம்மறிக்கடா என்று உலோகத்தில் வெட்டிய உருவங்கள் நிற்கும். தாங்கு எதுவும் இல்லாமல் நின்றபடி சுட்டு அவற்றைக் கீழே தள்ள வேண்டும். சாதாரண வேகத் தோட்டாவுக்கு 40 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போக ஏறக்குறைய 10 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஏற்ற வேண்டியிருக்கும். கால் எம்ஓஏ டர்ரெட்டில் அது 40 கிளிக். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றும்போது மாட்டிய விதத்தில் உள்ள குறை மறைய வழியே இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் மேகசினைக் கழற்றி, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். போல்ட்டை வெளியே எடுக்க முடிகிற ரைஃபிள் என்றால் எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் பொருத்தக் குழப்பம் ரிங்கில் வரும். .22-களில் ரிசீவரின் மேலேயே வெட்டிய டவ்டெயில் காடி, அதாவது ரிங் பற்றிக்கொள்ளும் சாய்வுப் பள்ளம், அதிகம். சிஇசட் 457-ல் இருப்பது 11 மில்லிமீட்டர். அமெரிக்க ரைஃபிள்கள் பலவற்றில் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 9.5 மில்லிமீட்டர். ஒன்றுக்குச் செய்த ரிங் மற்றதில் ஏறிவிடும், இறுக்கவும் முடியும். ஆனால் பிடிப்பு காடியின் விளிம்பில் மட்டும்தான் இருக்கும். வீவர், பிக்காட்டினி என்ற குறுக்குப்பள்ளம் கொண்ட இரண்டு ரெயில் வகைகளின் விஷயமும் இப்படித்தான்: வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினி ரெயிலில் உட்காரும், பிக்காட்டினி ரிங்கின் குறுக்குக்கட்டை வீவரின் குறுகிய பள்ளத்தில் இறங்காது. வாங்கும் முன் காலிப்பர் வைத்து அளந்துவிடுவது நல்லது. ஸ்கோப் குழாய் 25.4 மில்லிமீட்டரா 30-ஆ என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறுக்கம். .22-க்கு உதைப்பு கிடையாது, கையால் இறுக்கினால் போதும் என்று சிலர். கழன்றுவிடுமோ என்ற பயத்தில் முழு பலத்தையும் காட்டுகிறவர்கள் சிலர். இரண்டுமே தப்பு. ரூகர் 10/22-ன் ரிசீவர் அலுமினியக் கலவை. பேஸ் திருகைப் பலமாக முறுக்கினால் மரை உரிந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ரிங் மூடிக்கு ஸ்கோப் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். அளவு காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. இதைவிட அதிகமானால் குழாய் நசுங்கும், உள்ளே இருக்கும் லென்ஸ் கூடு ஒழுங்காக நகராது, கிளிக் திருப்பினாலும் குறி அசையாமல் நின்று ரெண்டு தோட்டா சுட்ட பிறகு திடீரென்று குதிக்கும். அப்புறம் ஸ்கோப் கெட்டுவிட்டது என்பார்கள். திருகுப் பசையை பேஸ் திருகில் ஒரு துளி வைக்கலாம். ரிங் மூடித் திருகில் வைக்காதீர்கள்: ஈரமான மரை வழுக்கும், அதே டார்க்குக்கு அழுத்தம் கூடிவிடும்.

குறுக்குக்கோட்டை நேராக்குவதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தோளில் வைத்துப் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது, கண் ஏமாற்றும். ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்து, ரெயில் மேலோ டவ்டெயில் மேலோ சின்ன ரசமட்டத்தை வையுங்கள். இருபது மீட்டர் தள்ளி, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலோடு ஒட்டிப் படியும்வரை குழாயைத் திருப்புங்கள். பிறகு மூடித் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் குழாய் அந்தப் பக்கமே சுழன்றுவிடும். இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, நூலை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கோடு சாய்ந்திருந்தால் ஜீரோ செய்த தூரத்தில், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி அமைத்த தூரத்தில், ஒன்றும் தெரியாது. 100 மீட்டருக்கு ஏற்றும்போதுதான் குண்டு மேலே போவதோடு பக்கவாட்டிலும் விலகும். இதைச் சோதிக்க, 50 மீட்டரில் தூக்குநூல் வைத்து நேராகக் கோடு போட்ட உயரமான தாளை மாட்டுங்கள். அடியில் குறிவைத்து ஐந்து சுடுங்கள். 10 எம்ஓஏ ஏற்றி, ரைஃபிளைச் சாய்க்காமல், அதே புள்ளியில் குறிவைத்து இன்னும் ஐந்து. இரண்டாவது குரூப் (சேர்ந்து சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) சுமார் 145 மில்லிமீட்டர் மேலே, அதே கோட்டின் மேல் இருக்க வேண்டும். உயரம் சரியாக இருந்து கோட்டைவிட்டு விலகினால் சாய்வு. உயரமே தப்பினால் டர்ரெட்டைச் சந்தேகிக்கலாம்.

தலையை நகர்த்தினால் குறி இலக்கின் மேல் நகர்கிறதா? அது பாரலாக்ஸ். .22 போன்ற ரிம்ஃபயர் ரைஃபிளுக்கென்று வரும் ஸ்கோப்பில் இது பெரும்பாலும் 50 கஜத்தில் இல்லாதபடி அமைத்திருக்கும், பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்பில் 100 கஜமோ அதற்கு மேலோ. 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட அத்தகைய ஸ்கோப்பை 40 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்குப் போகும்போது 11 மில்லிமீட்டர் வரை பிழை வரலாம். .22 குண்டின் விட்டமே சுமார் 5.7 மில்லிமீட்டர்தான். கன்னம் ஸ்டாக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படுகிற மாதிரி ஸ்கோப்பின் உயரத்தையும் தூரத்தையும் அமையுங்கள். அதையும் அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்துச் செய்யுங்கள், கண்ணுக்கான இடம் அங்கேதான் மிகக் குறுகல்.

பக்கவாட்டு டர்ரெட் முழுதும் தீர்ந்தும் ஜீரோ வரவில்லை என்றால் அது மவுன்ட்டின் தப்பு. ரிங்குகளை முன்பின்னாக மாற்றி, அல்லது திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்கண்ணாடிக் கூடு பேரலைத் தொடுகிறதா என்று ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

தோட்டாவை மறந்துவிடாதீர்கள். பிராண்டு மாற்றினாலே .22-ல் குரூப் இடம் மாறும், சில சமயம் சிதறியும் போகும். குண்டின் மேல் பூசிய மெழுகு மாறுவதால் முதல் சில குண்டுகள் கணக்கில் வராது. எல்லாத் திருகும் சரி, தோட்டாவும் பழையதுதான், இன்னும் சிதறல் என்றால் நன்றாக வேலை செய்யும் வேறு ஸ்கோப்பை அதே ரிங்கில் மாட்டிச் சுடுங்கள். குரூப் நெருங்கி வந்தால் பழைய ஸ்கோப்பை வாரண்டிக்கு அனுப்பலாம். நெருங்கவில்லை என்றால் பேரலின் வாய்ப்பக்கத்தையும் அறையில் படிந்த கசடையும் பார்க்க வேண்டும்.