ஒரு நூல், ஒரு நட்டு: தனிச்சீரிசை இயக்கத்தைக் கையால் தொட்டுப் பார்ப்போம்

நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்கு நடுவை நோக்கி இழுக்கப்பட்டு, போய்ப் போய் வரும் ஆட்டம்தான் தனிச்சீரிசை இயக்கம். சூத்திரத்தில் இறங்குவதற்கு முன்னால் ஓர் ஊசலைக் கட்டி ஆட்டிப் பாருங்கள். நூல், கனமான இரும்பு நட்டு, ஃபோனில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்.

படி 1: கட்டுங்கள்
நூலில் நட்டைக் கட்டி, அசையாத ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து நட்டின் மையம் வரை 100 செ.மீ. இருக்கட்டும்.

படி 2: இழுத்துப் பிடியுங்கள்
நட்டு சும்மா தொங்கும் இடம்தான் சமநிலைப் புள்ளி. அங்கிருந்து பக்கவாட்டில் 10 செ.மீ. இழுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். திரும்பிப் போகத் துடிக்கும் அந்த இழுப்பு விரலில் தெரிகிறதா? அதுதான் மீள்விசை. 5 செ.மீ. மட்டும் இழுத்திருந்தால் அது பாதியாக இருக்கும்.

விசை = −மாறிலி × இடப்பெயர்ச்சி

விலகிய திசைக்கு எதிராகவே விசை இழுக்கிறது என்பதைத்தான் அந்தக் கழித்தல் குறி சொல்கிறது. இந்த ஒரு வரிதான் தனிச்சீரிசை இயக்கத்தின் உயிர். துள்ளும் பந்தும் போய்த்தான் வருகிறது. ஆனால் காற்றில் அது எந்த உயரத்தில் இருந்தாலும் புவியீர்ப்பு விசை ஒன்றுதான். அதனால் அது இந்த வகையில் சேராது.

படி 3: தள்ளாமல் விடுங்கள்
நடுவில் வேகம் உச்சம். ஓரத்தில் வேகம் சுழி, முடுக்கமோ (திசைவேகம் மாறும் வீதம்) உச்சம். நிற்கிற இடத்தில் முடுக்கம் எப்படி என்று பலரும் குழம்புவது இங்கேதான். முடுக்கம் இல்லாவிட்டால் நட்டு ஓரத்திலேயே நின்றிருக்குமே, திரும்பி வராதே!

படி 4: எண்ணுங்கள்
நட்டு நடுப்புள்ளியை வலப்பக்கமாகக் கடக்கும்போது ‘சுழி’ என்று தொடங்குங்கள். அடுத்து அதே திசையில் கடக்கும்போது ‘ஒன்று’. ஓரத்தில் எண்ண வேண்டாம். அங்கே நட்டு மெல்லத் திரும்புவதால் சரியான கணம் கண்ணுக்குப் பிடிபடாது. 20 அலைவுகளுக்குச் சுமார் 40 வினாடி ஆகும். அப்படியானால் ஓர் அலைவுக்கு ஆகும் நேரம், அதாவது அலைவுநேரம், 2 வினாடி.

படி 5: மாற்றிப் பாருங்கள்
நூலை 25 செ.மீ. ஆக்கி, 3 செ.மீ. இழுத்து விடுங்கள். அலைவுநேரம் 1 வினாடிதான். நீளத்தின் வர்க்கமூலத்தோடு அது மாறுகிறது. நட்டின் எடையைக் கூட்டினால்? மாறாது. மீள்விசை கூடும் அதே அளவுக்கு, அசைக்க வேண்டிய நிறையும் கூடிவிடுகிறது. சுருள்வில்லில் அப்படியில்லை, அங்கே நிறை நான்கு மடங்கானால் அலைவுநேரம் இரட்டிப்பாகும்.

ஊசலை 10 பாகைக்குள் ஆட்டுங்கள். 60 பாகைக்கு இழுத்தால் மீள்விசை நேர்விகிதத்தில் வராது, அலைவுநேரமும் ஏறத்தாழ 7 சதவீதம் நீண்டுவிடும்.

சரி, 100 செ.மீ. ஊசலுக்கு 20 அலைவுகள் 40.1 வினாடி எடுத்தன என்று வைத்துக்கொள்வோம். அலைவுநேரம் 2.005. மீட்டரில் உள்ள நீளத்தை 39.48-ஆல் (4 × பை வர்க்கம்) பெருக்கி, 2.005-இன் வர்க்கத்தால் வகுங்கள். 9.82 வருகிறது. நூலையும் நட்டையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தையே அளந்துவிட்டீர்கள்!