பரணில் கிடைத்த கணக்கு நோட்டு: 1960-களின் வரவு செலவைப் படிக்கும் முறை

"அரிசி 2 படி 2-8." பழைய வீட்டுக் கணக்கு நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் அதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்த ஊர்ப் படி? எட்டு என்பது அணாவா, பைசாவா? ரேஷன் அரிசியா, வெளிமார்க்கெட் அரிசியா? மூன்றுக்கும் விடை தெரியாமல் விலையை மட்டும் உருவி எடுத்தால், வாட்ஸ்ஆப்பில் சுற்றும் "அந்தக் காலத்து விலைவாசி" பட்டியல் மாதிரிதான் ஆகும். 1965 முதல் 1970 வரையிலான தமிழ்நாட்டு நோட்டுகளில் இந்தக் குழப்பம் அதிகம். புதிய நாணயமும் மெட்ரிக் அளவும் சட்டப்படி வந்துவிட்டன, பேச்சிலும் கையெழுத்திலும் பழையது இன்னும் போகவில்லை.

முதலில் நோட்டைக் காப்பாற்றுங்கள்

படிக்க உட்காரும் முன் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். வெறும் பக்கத்தையும் விடவேண்டாம். பின் அட்டையில்தான் பெரும்பாலும் சீட்டுக் கணக்கும் கைமாற்றும் இருக்கும். மங்கிய பென்சில் எழுத்துக்கு நேர்வெளிச்சம் உதவாது. ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி எடுத்தால் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல், தாளை விலக்கி மெல்லக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கம் இங்கே ஆபத்து: அக்காலத்தில் காப்பியிங் பென்சிலால் எழுதுவது சகஜம், ஈரம் பட்டதும் அது ஊதாவாகக் கரைந்து பரவும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

முதல் பக்கத்தில் தமிழ் ஆண்டு இருந்தால் வேலை சுலபம். விசுவாவசு 1965-66, பராபவ 1966-67, பிலவங்க 1967-68, கீலக 1968-69, சௌமிய 1969-70. தவறு நடப்பது தை, மாசி, பங்குனியில். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால், "பிலவங்க தை 10" என்பது 1968 ஜனவரி 23 வாக்கில் வரும், 1967 அல்ல. பக்கத்தின் உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழியைத் தமிழ் எண் இரண்டாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். தலைப்பு நடுவில் தனியாக நின்றால் சுழி, தேதியோடு ஒட்டி நின்றால் எண்.

ஆண்டே இல்லையென்றால் உள்ளே துப்பு தேடவேண்டும். "ந.பை." (நயா பைசா) என்று எழுதியிருந்தால் 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகு, அநேகமாக 1964-க்குள். அந்த ஆண்டு ஜூனில் 'நயா' என்ற ஒட்டு அதிகாரபூர்வமாக நீங்கியது, என்றாலும் கை பழகியவர்கள் அதற்குப் பிறகும் எழுதினார்கள். அஞ்சலட்டை 6 பைசாவாக இருந்து 10 பைசாவாக ஏறினால் அந்தப் பக்கம் 1968. நோட்டில் செருகிய கடித உறையில் பின்கோடு இருந்தால் அந்தக் கடிதம் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, நோட்டோடு அதற்குத் தொடர்பில்லை. விலாசத்தில் "சென்னை மாநிலம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரி 14-க்கு முந்தையது. அன்றுதான் மாநிலம் தமிழ்நாடு ஆனது. இதை மட்டும் நம்பக்கூடாது, அச்சடித்த பழைய பில் புத்தகத்தைத் தீரும்வரை கடைக்காரர்கள் பயன்படுத்தினார்கள்.

சினிமாச் செலவு நல்ல துப்பு, ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி. "தில்லானா மோகனாம்பாள்" 1968-ல் வெளியானது. ஆகவே அந்தப் பெயர் உள்ள பக்கம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பிந்தையதாக எவ்வளவு காலமும் இருக்கலாம். டூரிங் டாக்கீஸுக்குப் படச்சுருள் பெரிய ஊர்களில் ஓடி முடித்த பிறகே வந்து சேரும், பழைய படங்களும் திரும்பத் திரும்ப ஓடும்.

அணாவா, பைசாவா

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆகப் பழைய ரூபாயில் 192 பை. புதிய ரூபாயில் 100 பைசா. வினை "பை." என்ற சுருக்கத்தில் இருக்கிறது: 1957-க்கு முன் அது பை, பிறகு பைசா.

மூன்று கட்டமாக 3-12-0 என்று எழுதியிருந்தால் ரூபாய்-அணா-பை என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவது எண் எங்காவது 15-ஐத் தாண்டினால் அது பைசா. சிக்கல் 3-12 மாதிரி வருவதில். நாணயம் மாறிப் பத்தாண்டு ஆனபிறகும் பெரியவர்கள் சிலர் அணாவிலேயே எழுதியதால் ஆண்டை வைத்து முடிவு செய்ய முடியாது. கூட்டிப் பாருங்கள். பால் 2-8, காய் 1-12, அடியில் மொத்தம் 4-4 என்றிருந்தால் அது அணா: எட்டும் பன்னிரண்டும் இருபது அணா, அதாவது ஒரு ரூபாய் நாலணா. அதே இடத்தில் 3-20 என்றிருந்தால் பைசா. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று கூட்டல்களைச் சரிபார்த்தாலே போதும். ஒருவர் ஒரே பக்கத்தில் முறையை மாற்றுவது அரிது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மாறினால் மட்டும் மறுபடி சோதியுங்கள், மருமகள் கணக்கு மாமியார் கணக்கு மாதிரி இருக்காது.

இன்னொரு அடையாளம், விலைகளின் விநோத எண்கள். 6, 12, 19, 31, 37, 44, 62 பைசா என்று அடிக்கடி வந்தால் அவை பைசா வேடம் போட்ட அணாக்கள்: முறையே ஓரணா, ரெண்டணா, மூணணா, அஞ்சணா, ஆறணா, ஏழணா, பத்தணா. 25, 50, 75 இவற்றில் பின்னம் வெட்டும் இழப்பில்லாததால் நாலணா, எட்டணா பேச்சில் பல்லாண்டு தங்கிவிட்டன. 3 பைசா நாணயம் 1964-லும் 20 பைசா நாணயம் 1968-லும் வந்ததால், சில்லறை இருப்பு எழுதும் வழக்கமுள்ள நோட்டில் "20 பைசா 5" என்று இருந்தால் அதுவும் ஆண்டுக்குச் சாட்சி.

வணிகர் வீட்டு நோட்டென்றால் ௹ (ரூபாய்), ௷ (வரவு), ௶ (பற்று), ௸ (மேற்படி), ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்) என்ற குறிகள் வரும். மேற்படிக் குறியைத் தனிச் செலவாக எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அளவு: பெரும்பாலான தவறு இங்கேதான்

எடையில் மெட்ரிக் முறை 1962 ஏப்ரலில் கட்டாயமானது. காய்கறிக்காரரும் வாங்குபவரும் அதன்பிறகும் வீசையில் பேசினார்கள். சென்னை வாய்பாடு இதுதான்: ஒரு பலம் சுமார் 35 கிராம், 8 பலம் ஒரு சேர், 280 கிராம்; 40 பலம், அதாவது 5 சேர், ஒரு வீசை, 1.4 கிலோ; 8 வீசை ஒரு மணங்கு, 11.2 கிலோ. "கத்தரி கால் வீசை" என்றால் 350 கிராம். வட இந்தியச் சேர் கிட்டத்தட்ட 933 கிராம். இணையத்தில் 'சேர்' என்று தேடினால் அதுதான் முதலில் வரும். அதை எடுத்து நம் நோட்டுக்குப் போட்டால் விலை மூன்றில் ஒன்றாகிவிடும்.

முகத்தல் அளவு இன்னும் சிக்கல். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். விகிதம் பொதுவாக இதுதான். படியின் உடம்புதான் ஊருக்கு ஊர் வேறு. சென்னைப் படியில் அரிசி சுமார் ஒன்றரைக் கிலோ பிடிக்கும். பெரிய படி, சின்னப் படி என்று இரண்டும் ஒரே வட்டாரத்தில் புழங்கியதும் உண்டு. வீட்டில் பழைய படி இருந்தால் இப்படி அளந்துவிடுங்கள்: விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதை மில்லிலிட்டர் குறியிட்ட பாத்திரத்தில் கொட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு அரிசி 800 முதல் 850 கிராம். இது தலைதட்டி அளந்த கணக்கு. குவித்து அளப்பது வழக்கமாக இருந்த இடத்தில் எடை கூடும், வாய் அகன்ற படியில் அது கணிசமாகவே கூடும். பாலும் எண்ணெயும் குவியாது என்பதால் அவற்றுக்குத் தண்ணீர்க் கணக்கே போதும்.

துணி கஜத்தில் இருந்தால் 0.914-ஆல் பெருக்கினால் மீட்டர். காப்பிப்பொடி ராத்தலில் இருந்தால் ஒரு ராத்தல் 454 கிராம். பூ முழம் கட்டுபவர் கையைப் பொறுத்தது, அதை மாற்ற முயலவேண்டாம்.

ஒரே பொருள், இரண்டு விலை

ஒரே வாரத்தில் அரிசிக்கு இரண்டு விலை வந்தால் எழுதியவர் பிழை செய்யவில்லை. 1967-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்தது. அது ரேஷன் விலை. கார்டுக்குக் கிடைத்தது போதாமல் வெளியில் வாங்கியது வேறு விலை. ஆகவே அந்த ஒரு ரூபாயை "1967-ன் அரிசி விலை" என்று எழுதுவது, இன்றைய விலையில்லா ரேஷன் அரிசியைக் காட்டி அரிசி இப்போது இலவசம் என்று எழுதுவதற்குச் சமம். சர்க்கரையும் அப்படியே. 1967 இறுதியில் மத்திய அரசு கட்டுப்பாட்டை ஓரளவு நீக்கி, ஒரு பங்கை லெவியாக, அதாவது ஆலைகளிடம் கட்டாயக் கொள்முதலாக, ரேஷனுக்கும் மீதியை வெளிச்சந்தைக்கும் விட்டது. அதற்குப் பிந்தைய பக்கங்களில் ஒரே மாதத்தில் இரட்டை விலை சகஜம்.

பெயர்களையும் கவனியுங்கள். "அஸ்கா" என்றிருந்தால் வெள்ளைச் சர்க்கரை. "து.ப.", "உ.ப.", "க.ப." முறையே துவரை, உளுந்து, கடலைப் பருப்புகள். "ந.எ." நல்லெண்ணெய், "க.எ." கடலை எண்ணெய். "ம.எ." (மண்ணெண்ணெய்) என்பதும் சீமெண்ணெய் என்பதும் கிருஷ்ணாயில்தான், அது பாட்டில் கணக்கில் இருக்கும், பாட்டிலின் அளவு தெரியாவிட்டால் மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

சீட்டுப் பணமும் கைமாற்றும் செலவல்ல, தனிக் கட்டத்தில் போடுங்கள். இல்லையென்றால் குடும்பம் சம்பாதித்ததைவிட அதிகம் செலவழித்ததாகத் தெரியும். வரவில் "பஞ்சப்படி" என்று தனியாக இருந்தால் அது அகவிலைப்படி. "ரே.லை. 15" என்றால் ரேடியோ லைசென்ஸ், தபால் ஆபீஸில் ஆண்டுக்கொரு முறை கட்டியது. அந்த ஒரு வரி அந்த வீட்டில் ரேடியோ இருந்ததற்கு ஆதாரம். லைசென்ஸ் இல்லாமல் அடிக்கடி டார்ச் செல் மட்டும் வாங்கியிருந்தால், டிரான்சிஸ்டரைச் சொல்லாமல் வைத்திருந்தார்களா, வெறும் டார்ச்தானா என்று நோட்டு சொல்லாது.

இன்றைய பணத்தில் எவ்வளவு

தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பயன்படுத்தலாம், லேபர் பீரோ மாதந்தோறும் வெளியிடுகிறது. அடிப்படை ஆண்டு (எண் 100 என்று தொடங்கும் ஆண்டு) மாறும்போதெல்லாம் புதிய எண்ணைப் பழையதாக்கப் பெருக்கவேண்டிய இணைப்புக் காரணி உண்டு: 2016-லிருந்து 2001-க்கு 2.88, அங்கிருந்து 1982-க்கு 4.63, அங்கிருந்து 1960-க்கு 4.93. இன்றைய எண் 140 என்று வைத்துக்கொண்டால் 140 × 2.88 × 4.63 × 4.93 = சுமார் 9,200. 1960-ல் 100 ஆக இருந்த எண் 1960-களின் இறுதியில் 170-ஐ ஒட்டி இருந்தது. 9,200-ஐ 170-ஆல் வகுத்தால் 54. அதாவது அன்றைய ஒரு ரூபாய்ச் செலவு இன்று ஏறத்தாழ 54 ரூபாய்.

தங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு உலகம். 1969-ல் 10 கிராம் 176 ரூபாய் அளவில், பவுனுக்குச் சுமார் 140. இன்று பவுன் 70,000 என்று வைத்தாலே 500 மடங்கு. "அப்போது நூற்றைம்பது ரூபாய் சம்பளம், ஒரு பவுன் வாங்கலாம்" என்ற வாதம் இந்த எண்ணைத்தான் தூக்கிப் பிடிக்கிறது. அதே சம்பளத்தில் அரிசிக்கும் வாடகைக்கும் போக என்ன மிஞ்சியது என்பதை அந்த நோட்டின் மாதக் கடைசிப் பக்கங்கள் காட்டும். மளிகைக்குக் குறியீட்டெண்ணையும், நகைக்குத் தங்க விலையையும், சம்பளத்துக்கு அதே வேலையின் இன்றைய சம்பளத்தையும் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்கவேண்டாம்.

எக்செலில் ஏற்றும்போது எட்டு கட்டங்கள் போதும்: பக்க எண், தேதி, நோட்டில் உள்ளபடியே எழுத்து, பொருள், மூல அளவு, கிராம் அல்லது மில்லிலிட்டர், பைசாவில் விலை, ரேஷனா வெளியா. மூன்றாவது கட்டத்தை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தாதீர்கள். படியின் எடையைத் தப்பாகப் போட்டது பிறகு தெரிந்தால், ஆறாவது கட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.