டயலிசிஸ் செய்பவர்களும் கொரோனா தடுப்பூசியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கிட்னியே போயிட்டுது, இனி ஊசி போட்டு என்ன பிரயோசனம்?" கொழும்பில் டயலிசிஸுக்காக, அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதற்காகக் காத்திருப்பவர்கள் மத்தியில் இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மனம் பதறுகிறது. பக்கத்துக் கதிரையில் இருப்பவர், "நான் ரெண்டு ஊசியும் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்பார். இரண்டு நினைப்பும் ஆபத்தானவை.

2020இல், தடுப்பூசி வருவதற்கு முன், கொரோனா தொற்றிய டயலிசிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்ததை ஐரோப்பிய, அமெரிக்கப் பதிவேடுகள் காட்டின. ஊரே அடைத்துக் கிடந்தபோதும் இவர்கள் வீட்டில் இருக்க முடியவில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை ஆட்டோ பிடித்துப் போய், பலரோடு ஒரே அறையில் நான்கு மணித்தியாலம் படுத்திருந்தேயாக வேண்டும்.

தடுப்பூசி இந்த நிலையை நிச்சயமாக மாற்றியது. ஆனால் டயலிசிஸ் செய்பவரின் உடலில் அது கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் வேலை செய்கிறது. கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் நோயெதிர்ப்புக் கலங்கள் மந்தமாகிவிடுகின்றன. இவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசியை வழக்கத்தைவிட இரட்டிப்பு அளவில் போடுவதும் இதனால்தான். ஃபைசர் போன்ற ஊசிகள் இரண்டு போட்டபின் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குப் பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) உண்டாயின. அளவுதான் மற்றவர்களைவிடக் குறைவு, சில மாதங்களில் வேகமாக இறங்கியும் விட்டது. மூன்றாவது ஊசி அதை நன்றாகவே தூக்கி நிறுத்தியது. தொற்றை முற்றாகத் தடுக்காவிட்டாலும், வைத்தியசாலை அனுமதியையும் மரணத்தையும் குறைப்பதில் தடுப்பூசி உறுதியாகப் பலன் தந்தது.

அதனால் இரண்டோடு நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. நம் நாட்டில் 2021 ஜனவரியில் கொவிஷீல்டோடு தொடங்கினாலும், பெரும்பாலானோருக்குப் போட்டது சினோஃபார்ம். செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன அந்த வகை ஊசிக்கு டயலிசிஸ் நோயாளிகளிடம் பிறபொருளெதிரிகள் இன்னும் குறைவாகவே உண்டாகின்றன. நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு மேலதிக ஊசி தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2021 ஒக்டோபரிலேயே சொல்லிவிட்டது. கடைசியாக எந்த ஊசி, எப்போது போட்டீர்கள்? அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போய் உங்கள் சிறுநீரக வைத்தியரிடம் காட்டி, அடுத்தது எப்போது என்று கேளுங்கள்.

பிறபொருளெதிரிப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டி, இலக்கம் கூடுதலாக வந்தது என்று முகக்கவசத்தைக் கழற்றிவிட வேண்டாம். இந்த அளவுக்கு மேல் இருந்தால் பயமில்லை என்று உறுதியாகச் சொல்ல ஒரு எல்லைக்கோடு வகுக்கப்படவில்லை.

ஊசி போடும் நாளிலும் கவனம் வேண்டும். ஃபிஸ்டுலா (டயலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் போட விடாதீர்கள், மற்றக் கையை நீட்டுங்கள். டயலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் கொடுக்கப்படுவதால், ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

அப்புறம் காய்ச்சல் வரலாம். இங்கேதான் அன்பே வினையாகிறது. வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் உடனே செவ்விளநீர் வெட்டிவிடுவார்கள், கொத்தமல்லி அவித்துக் கோப்பை கோப்பையாகக் கொடுப்பார்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் அதை வெளியேற்றாதபோது இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். கொத்தமல்லித் தண்ணீரும் நாள் ஒன்றுக்கு வைத்தியர் அனுமதித்த நீர்க் கணக்கில்தான் சேரும். காய்ச்சலுக்குச் சொன்ன அளவில் பனடோல் போதும். உடம்பு வலி என்று பாமசியில் டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். அவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம், இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு அந்த மிச்சத்தையும் கெடுத்துவிடலாம். காய்ச்சலைக் காரணம் காட்டி டயலிசிஸைத் தவறவிடுவது அதைவிட மோசம்.

சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்கள், "ஒப்பரேஷன் முடியட்டும், பிறகு போடுவோம்" என்று தள்ளிப்போடக் கூடாது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள் தடுப்பூசியின் வேலையையும் அமுக்கிவிடுகின்றன. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களில் இரண்டு ஊசிக்குப் பிறகும் பாதிக்கும் குறைவானோருக்கே பிறபொருளெதிரிகள் உண்டானதாக ஆய்வுகள் காட்டின. முடிந்தால் சத்திரசிகிச்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பாவது போட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் ஊசி போட்டிருக்க வேண்டும், தடிமன் இருமலோடு நோயாளிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. நோயாளிக்கே அறிகுறி வந்தால், புறப்படுமுன் டயலிசிஸ் பிரிவுக்குப் போன் பண்ணுங்கள். தனியாக இடம் ஒதுக்கித் தருவார்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். டயலிசிஸ் செய்பவர்களுக்குச் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க டக்ரோலிமஸ் எடுப்பவர்களின் இரத்தத்தில் அந்த மருந்தைச் சில மாத்திரைகள் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற பட்டியலை முதலில் நீட்டுங்கள்.