ஆர்-ஆர்-எச் தொடர் வரும் அரிய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் காணும் முறை

மருத்துவ அறிக்கையிலோ உயிரியல் நூலிலோ ஆர், ஆர், எச் ஆகிய எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் ஆங்கிலச் சொல்லைக் கண்டால், அதை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம்; அது பெரும்பாலும் கிரேக்கக் கூட்டுச்சொல் என்பதால், பிரித்தாலே பொருள் புலப்படும். கிரேக்கத்தில் சொல் முதலில் வரும் ரகரம் மூச்சொலியுடன் ஒலித்ததால் அதனோடு எச் சேர்ந்தது. உயிரெழுத்தில் முடியும் உறுப்பு அதன் முன்னே ஒட்டும்போது, நம் மொழியில் நிலாவும் சோறும் சேர்ந்து நிலாச்சோறு ஆவதைப் போல, அங்கே ரகரம் இரட்டித்தது. ரிதம் என்பதன் முன் இன்மைப் பொருள் தரும் 'அ' சேர்ந்து, இதயத் துடிப்பின் சீர்கேட்டைக் குறிக்கும் அரித்மியா உருவானது இப்படித்தான்.

ஆகவே அந்த மூன்றெழுத்துத் தொடரின் முதல் ஆருக்கு முன்னே சொல்லை வெட்டுங்கள். முன்பகுதி பெரும்பாலும் உடலுறுப்பைக் காட்டும். பின்பகுதி அங்கே நடப்பதைச் சொல்லும். 'ரியா' என்றால் ஒழுகுதல்: ரைனோரியா மூக்கொழுகல், ஓட்டோரியா காதில் நீரோ சீழோ வடிதல், லோகோரியா அடங்காத பேச்சுப் பெருக்கு. 'ரேஜியா' என்றால் பீறிட்டுப் பாய்தல். 'ராஃபி' என்பது தையல். ஹெர்னியோராஃபி குடலிறக்கத்தைத் தைத்துச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை. 'ரெக்சிஸ்' கிழிதல், கார்டியோரெக்சிஸ் இதயச் சுவர் கிழிந்துபோதல்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் மாதவிடாய் தொடர்பான சொற்கள். அமெனோரியா மாதவிடாய் வராமை, டிஸ்மெனோரியா வலியோடு வருதல், மெனோரேஜியா அளவுக்கு மீறிய உதிரப்போக்கு. மூன்றிலும் பொதுவாக இருப்பது 'மெனோ' என்னும் ஒரே பகுதிதான். முன்னும் பின்னும் ஒட்டுவது மாறும்போது நோயே மாறிவிடுவதால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பார்த்த பிறகே பொருளை முடிவு செய்ய வேண்டும்.

விலங்கியலில் பின்பகுதியாக வரும் 'ரைன்' மூக்கைக் குறிக்கும். பிளாட்டிரைன் என்பவை தட்டை மூக்குடைய அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகள். கேட்டரைன் என்பவை நாசித்துளை கீழ்நோக்கியவை, நம் கோயில் மதில்களில் தாவும் நாட்டுக்குரங்கும் மனிதரும் இந்தப் பிரிவில் அடங்குவர்.

இந்த வெட்டுக்கு உட்படாத சொற்களும் உண்டு. கல்லீரல் நோயான சிரோசிஸ், 1819-இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் அந்த ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் கண்டு, அந்நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயர். வெள்ளைப்போளத்தைக் குறிக்கும் மிர், கசப்பு என்னும் பொருளுடைய செமித்திய வேரிலிருந்து வந்தது. வென்றவரையே சீரழிக்கும் வெற்றியைச் சொல்லும் பிர்ரிக், கி.மு. 279-இல் ரோமரை வென்றும் பெரும்படையை இழந்த பிர்ரஸ் மன்னனின் பெயர்.

அகராதியில் தேடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: 'ரியா' என்னும் ஈற்றைப் பிரிட்டிஷ் எழுத்துமுறை ஓ-ஈ-ஏ என்று முடிக்கும், அமெரிக்க முறை ஓவை விட்டுவிடும், ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.