அம்மாவின் புடவையும் 49 ஆணிகளும்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு ஹாலில் நான் நெய்த சுவர்த் தொங்கல் ஒன்று இருக்கிறது. நடுவில் ஓடும் அரக்குப் பட்டை அம்மாவின் சுங்குடிப் புடவை. கிழிந்துபோனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு விரல் அகல நாடாவாகக் கிழித்து ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, ஓட்டிவிட்டேன்.

இதற்குத் தறி வாங்க வேண்டாம். 30க்கு 40 செ.மீ. அளவில் பழைய படச் சட்டம் போதும். மேல் கட்டையில் ஒரு செ.மீ. இடைவெளியில் 24 ஆணி, கீழே அரை செ.மீ. தள்ளித் தொடங்கி 25 ஆணி. கீழ் ஓரத்தில் நூலை முடிந்து, மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் பாவு, அதாவது நெடுக்கு நூல், சரியாக 48 இழை வரும். குஞ்சம் இரண்டிரண்டு இழையில் கட்டுவதால் இந்த இரட்டைப்படை முக்கியம். பாவுக்கு இழுத்தால் நீளாத பருத்திக் கயிறுதான் வேண்டும். கம்பளி நூல் தொய்ந்துவிடும்.

ஊடையைக் கோணி ஊசியில் கோத்து, ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்று ஓட்டுங்கள். திரும்பி வரும்போது மாற்றி. முதல் எட்டு வரிசை பருத்தியிலேயே இருக்கட்டும். கீழ்ப்பக்கம் பிரியாமல் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் நான் தவறினேன். ஒவ்வொரு வரிசையையும் இறுக்கி இழுத்தேன். 24 செ.மீ. அகலத்தில் தொடங்கியது மேலே போகப் போக 19 ஆகிவிட்டது. அத்தனையையும் பிரித்தேன். ஊடையை நேராக இழுக்கவே கூடாது. குன்று மாதிரி வளைத்துப் போட்டு, முள்கரண்டியால் முதலில் நடுவிலும் பிறகு இரு பக்கமும் அழுத்துங்கள். அந்த வளைவில் இருக்கும் கூடுதல் நூல்தான் பாவின் மேலும் கீழும் ஏறி இறங்க இடம் கொடுக்கிறது. நான்கு விரல் உயரத்துக்கு ஒருமுறை அகலத்தை அளந்து பாருங்கள்.

அப்புறம் குஞ்சம். 15 செ.மீ. அட்டையில் நூலைச் சுற்றி ஒரு பக்கம் வெட்டினால் 30 செ.மீ. இழைகள் கிடைக்கும். நான்கு இழையைச் சேர்த்து இரண்டு பாவின் மேல் வைத்து, இரு முனையையும் பின்னால் கொண்டுபோய், நடு இடைவெளி வழியே முன்னால் எடுத்துக் கீழே இழுங்கள். ஒரு வரிசைக்கே சுமார் 29 மீட்டர் நூல் போகும், பார்த்து வாங்குங்கள். குஞ்ச வரிசைக்கு மேல் இரண்டு வரிசையாவது சாதாரண நெசவு ஓட்டினால்தான் முடிச்சு நகராது.

மேலே மூன்று விரல் இடம் விட்டு நிறுத்திவிட்டு, மேல் வளையங்களை ஆணியிலிருந்து கழற்றிக் குச்சியில் கோத்துவிடுங்கள். கீழ் வளையங்களை வெட்டி இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டால் குஞ்சம் மறைத்துக்கொள்ளும். என் குச்சி தஞ்சோங் பூங்கா கடற்கரையில் ஒதுங்கியது. உப்புப் போக இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தேன்.

நம் பினாங்கு ஈரத்தில் தொங்கல் சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது. என் முதல் கம்பளித் தொங்கல் அக்டோபர் மழையில் சுவரோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்தது. இப்போது குச்சியின் இரு முனைக்குப் பின்னாலும் ஒரு தக்கைத் துண்டு வைத்திருக்கிறேன். சுவருக்கும் நெசவுக்கும் நடுவே காற்று போகிறது. அம்மா புடவையில் இதுவரை ஒரு புள்ளி இல்லை.