செதகயாவின் கந்தல் சந்தைக்குப் போகிறவர்களுக்கு

வேலை நிமித்தமாக டோக்கியோவில் குடியிருப்பவர்கள், அந்நகரின் செதகயா பகுதியில் கூடும் ‘போரோஇச்சி’ தெருச்சந்தையை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும். டிசம்பர் 15, 16, ஜனவரி 15, 16 ஆகிய நான்கு நாட்களில் மட்டுமே அது நடைபெறும். எந்தக் கிழமையானாலும் தேதி மாறாது. சனி, ஞாயிறில் விழுந்தால் தெருவில் நகரவே முடியாது என்பதால், அரைநாள் விடுப்பு எடுத்தாவது வார நாளில் போவதே நல்லது.

1578-இல் ஹோஜோ உஜிமாசா என்ற சிற்றரசர் வரியில்லாச் சந்தையாக இதைத் தொடங்கிவைத்தார். பிற்காலத்தில், வேலைக்கு உடுத்தும் துணிகளுக்கு ஒட்டுப்போடவும், வைக்கோல் செருப்பு உழைக்கும்படி புரியோடு சேர்த்துப் பின்னவும் உழவர்கள் இங்கே பழந்துணி வாங்கியதால், கந்தல் எனப் பொருள்படும் ‘போரோ’ அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. இன்று ஏறத்தாழ 700 கடைகளில் பழைய கிமோனோ, பீங்கான், இரும்புக் கெண்டி, செடிகள் என எல்லாம் கிடைக்கின்றன.

ஷிபுயாவிலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தமான சங்கென்ஜாயாவில் இறங்கி, இரண்டே பெட்டிகள் கொண்ட செதகயா டிராமில் ஏறி, செதகயா அல்லது காமிமாச்சி நிலையத்தில் இறங்கலாம். காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். பிற்பகலில் டிராமுக்கு வரிசையில் நிற்பதைவிட, சங்கென்ஜாயாவுக்கும் சந்தைக்கும் இடையிலான இரண்டு கிலோமீட்டரை நடந்துவிடுவது மேல். கார்டை நம்பாமல், 100, 500 யென் நாணயங்களும் ஆயிரம் யென் நோட்டுகளும் எடுத்துச்செல்லுங்கள்.

பழைய கிண்ணங்களை வாங்கும்போது அவசரம் கூடாது. “சாவத்தே மோ ஈ தெஸ் கா” (தொட்டுப் பார்க்கலாமா) என்று கேட்ட பிறகே கையில் எடுங்கள். உள்ளங்கையில் தளர்வாக நிறுத்தி, விளிம்பை விரலால் மெல்லச் சுண்டினால், முழுசான பீங்கான் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை மட்டுப்பட்டு அடங்கிவிடும். பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, அடிவளையத்தில் மூளி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பொருள்களுக்கு “சுகோஷி யாசுக்கு நரிமாஸ் கா” (கொஞ்சம் குறையுமா) என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் கடைக்காரர் ஒருமுறை மறுத்தபின் வற்புறுத்துவது அங்கே மரியாதைக் குறைவு. தின்பண்டக் கடைகளில் பேரம் வேண்டாம்.

இந்தச் சந்தைக்கே உரிய தின்பண்டம் ‘தைகன் மோச்சி’, அதாவது சுடச்சுட இடித்த அரிசிப் பிசைவு. சைவ உணவினர் இனிப்புப் பயறு பூரணம் வைத்ததையோ சோயாப்பொடி தூவியதையோ கேட்டு வாங்கலாம். வரிசை நீளும் என்பதால் வந்தவுடன் அதில் நின்றுவிடுவதே என் வழக்கம். வாங்கியதை நடந்துகொண்டே தின்னாமல், ஓரமாக நின்று முடித்து, குப்பையை உங்கள் பையிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்து குளிர் ஏறும். பீங்கான் வாங்குவதானால் பழைய துண்டு ஒன்றையும் கெட்டியான துணிப்பையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். திரும்பும் டிராமில் பையை மார்போடு அணைத்துப் பிடித்தால்தான் கிண்ணம் நொறுங்காமல் வீடு வந்து சேரும்.