மரியோவுக்குப் பதில் அப்பாயி: பழைய டிவி கேமில் நம் ஆளை ஓடவைப்பது எப்படி?

ஐப்பசி மழைக்காகக் கோத்தகிரியில் பள்ளி விடுமுறை விட்ட ஒரு நாள். அண்ணன் மகள் என் லேப்டாப்பில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சித்தப்பா, இந்த மீசை மாமாவுக்குப் பதிலா நம்ம அப்பாயி ஓட முடியாதா?"

அவளுடைய அப்பாயி என் அம்மா. முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். முடியும் என்று சொன்னேன். நான்கு மாலைகளில் அம்மா திரையில் ஓடினார். அந்த நான்கு மாலைகளில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். புரோகிராமிங் தெரியவேண்டியதில்லை. கோப்பை நகல் எடுக்கவும் சேமிக்கவும் தெரிந்தால் போதும்.

ஆளை மாற்றும் இந்த வேலையை மரியோவை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனமே செய்திருக்கிறது. 1987இல் ஜப்பானில் டோக்கி டோக்கி பேனிக் என்று ஒரு கேம் வந்தது. அதில் ஆடியவர்கள் ஒரு குடும்பத்தின் நான்கு பேர். அந்த நால்வரையும் எடுத்துவிட்டு மரியோ, லூயிஜி, பீச், டோட் ஆகியோரை வைத்து 1988இல் அமெரிக்காவில் விற்றார்கள். அதுதான் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2. அப்புறம் 2013இல் மைக் மிகா என்ற கேம் தயாரிப்பாளர், தன் சின்ன மகள் கேட்டாள் என்பதற்காக டாங்கி காங் கேமை மாற்றினார். அவருடைய பதிப்பில் பாலின் என்ற பெண் ஏணியேறிப் போய் மரியோவைக் காப்பாற்றுவாள்.

தேவையானவை

விண்டோஸ் கணினி ஒன்று, பழையதே போதும். மூன்று இலவச மென்பொருள்கள்: கேமை ஓட்டிப் பார்க்க எஃப்சிஇயுஎக்ஸ் என்ற எமுலேட்டர், படம் வரைய ஒய்ஒய்-சிஎச்ஆர், கடைசியில் பேட்ச் (நாம் செய்த மாற்றங்கள் மட்டும் அடங்கிய சின்னக் கோப்பு) செய்ய ஃப்ளோட்டிங் ஐபிஎஸ். இவற்றோடு கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அழிரப்பர். நோட்டை விட்டுவிடாதீர்கள், பாதி வேலை அதில்தான்.

கேம் கோப்பு உங்களிடம் உள்ள கேசட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கேசட்டைச் செருகி யூஎஸ்பி வழியாகப் படிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. நம் ஊர் டிவி கேம்களில் போட்டது 60 பின் கேசட், அமெரிக்காவில் விற்றது 72 பின். கருவி வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம் அடைத்த வகை இதற்கு ஒத்துவராது, ஒற்றை கேம் கேசட்தான் வேண்டும்.

இந்தக் கேமையே எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதில் படங்கள் தனிச் சிப்பில் திறந்தபடி கிடக்கின்றன. காண்ட்ரா போன்ற கேம்களில் படங்களைச் சுருக்கி, நிரலோடு சேர்த்து வைத்திருப்பார்கள். வரையும் மென்பொருளில் திறந்தால் புள்ளி மழைதான் தெரியும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

முதல் படி: நகல்

கோப்பின் அளவு 40,976 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்புக் குறிப்பு 16, நிரல் 32,768, படங்கள் 8,192. கூட்டினால் சரியாக வரும். வராவிட்டால் அது வேறு பதிப்பு, நான் கீழே சொல்லும் எண்கள் பொருந்தாது.

கோப்பை இரண்டு நகல் எடுங்கள். ஒன்று மூலம், அதைத் தொடவே கூடாது. இன்னொன்றில்தான் வேலை. ஒவ்வொரு மாலையும் முடிக்கும்போது தேதி போட்டு இன்னொரு நகல். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை.

இரண்டாம் படி: படம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது

எஃப்சிஇயுஎக்ஸில் கேமை ஓட்டி, டீபக் மெனுவில், கேமின் படங்களைக் காட்டும் பிபியு வியூவரைத் திறங்கள். இரண்டு பெரிய சதுரங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் 256 சின்னச் சதுரங்கள். அவற்றை டைல் என்போம். ஒரு டைல் 8க்கு 8 பிக்சல். இடப்பக்கம் ஆட்களும் எதிரிகளும், வலப்பக்கம் மேகமும் செங்கல்லும் எழுத்துகளும்.

திரையில் மரியோ ஒரே படமாகத் தெரிந்தாலும் அவர் துண்டுகளால் ஆனவர். சின்ன மரியோ நான்கு டைல். காளான் தின்று வளர்ந்த பெரிய மரியோ எட்டு டைல்: அகலத்தில் இரண்டு, உயரத்தில் நான்கு. எண்களை 0இலிருந்து எண்ணினால், பெரியவர் நடக்கும் மூன்று நிலைகள் 0 முதல் 23 வரை. சறுக்கித் திரும்புவது 24 முதல் 31 வரை. குதிப்பது 32 முதல் 39 வரை.

ஆனால் சும்மா நிற்கும் நிலைக்குத் தனியாக எட்டு டைல் கிடையாது. தலை, நடக்கும் முதல் நிலையிலிருந்து கடன். கால்களில் இடது பாதி மட்டும் வரைந்திருக்கிறார்கள், வலது பாதி அதன் கண்ணாடிப் பிம்பம். மொத்தப் படத்துக்கும் 8 கிலோபைட்தான் இடம் என்பதால் 1985இல் இப்படிச் சிக்கனம் பிடித்தார்கள். ஒரு டைலை மாற்றினால் அது வருகிற எல்லா நிலைகளும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: மூன்று நிறம்

ஒரு பிக்சலுக்கு நான்கு மதிப்புகளே உண்டு. அதில் ஒன்று ஒளி ஊடுருவும் வெற்றிடம். ஆக, ஆளுக்கு மூன்று நிறம். எங்களுக்கு ரொம்ப நேரம் பிடித்தது இதில்தான். அம்மாவுக்குத் தோல், முடி, புடவை, தலைத்துண்டு, இடுப்பில் கட்டும் படங்கு, முதுகுக் கூடை என்று ஆறு பொருள். நிறமோ மூன்று. கடைசியில் புடவைக்குச் சிவப்பு, துண்டுக்கும் படங்குக்கும் வெள்ளை, தோல், முடி, கூடை மூன்றுக்கும் பழுப்பு என்று பிரித்தோம். கூடையும் கழுத்தும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் சிவப்புக் கோடு ஒன்று விட்டோம். முதலில் கரும்பழுப்புதான் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது கட்டம் பூமிக்கு அடியில், பின்புலம் கறுப்பு. அதில் அம்மாவின் முகம் காணாமல் போனது. அதனால் கொஞ்சம் வெளிறிய பழுப்புக்கு வந்தோம்.

மாற்றுவது எளிது. டீபக் மெனுவில், கோப்பின் பைட்டுகளை ஹெக்ஸ் எனும் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்து, வியூ மெனுவில் ரோம் ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேடும் பெட்டியில் இந்த எட்டு எண்களை இடுங்கள்:

22 16 27 18 22 30 27 19

எட்டையும் சேர்த்தே தேடுங்கள். முதல் நான்கு மட்டும் போட்டால் அதே வரிசை வேறு இடங்களிலும் அகப்படும், தவறான இடத்தை மாற்றிவிடுவீர்கள். முதல் நான்கு மரியோவுடையது, அடுத்த நான்கு லூயிஜியுடையது. அதை ஒட்டி வரும் 22 37 27 16 நெருப்புப் பூ எடுத்தபின் வரும் நிறம். தொடக்கத்து 22ஐத் தொடவேண்டாம். நாங்கள் வைத்தவை:

22 16 30 17 (சிவப்புப் புடவை)
22 19 30 17 (இரண்டாம் ஆட்டக்காரருக்குப் பச்சைப் புடவை)
22 27 30 17 (பூ எடுத்தபின் ஆரஞ்சுப் புடவை)

ஃபைல் மெனு வழியாக ரோமை (கேம் கோப்பை) சேமித்து, ஓட்டிப் பாருங்கள். மரியோவின் முகம் வெள்ளையாகியிருந்தால் வேலை நடந்துவிட்டது என்று பொருள்.

நான்காம் படி: நோட்டில் வரைவது

பெரியவருக்கு 16க்கு 32 கட்டம், சின்னவருக்கு 16க்கு 16 கட்டம் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எட்டு கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இழுத்து, டைல் எண்ணை ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

நான் முதலில் முகத்தில்தான் உழைத்தேன். கண், மூக்குத்தி, தோடு எல்லாம் ஒவ்வொரு பிக்சல். அம்மாவிடம் காட்டினேன். "யாரு இது?" என்றார். இரண்டாம் முறை முகத்தை விட்டுவிட்டு நிழலுருவம் மட்டும் வரைந்தேன்: சற்று முன்னே குனிந்த உடல், முதுகில் கூடை, தலையிலிருந்து கூடைக்குக் கயிறு. இந்த முறை பார்த்ததுமே, "கயிறு உச்சியில வரக் கூடாதுடா, நெத்திக்கு மேல வரணும்" என்றார். இரண்டு பிக்சல் முன்னே நகர்த்தினேன். அதோடு அது அம்மாவாகிவிட்டது. எட்டடி தள்ளி நின்று பார்த்தால் கறுப்பு நிழலாகவே யார் என்று தெரியவேண்டும். அது தெரியாமல் உள்ளே நிறம் நிரப்பத் தொடங்காதீர்கள்.

கால் கண்ணாடிப் பிம்பம் என்று சொன்னேனே, அதனால் கூடை இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால், நிற்கும்போது முன்பக்கமும் ஒரு கூடை முளைக்கும். இன்னொன்று: வலப்பக்கம் பார்ப்பதை மட்டும் வரைகிறோம், இடப்பக்கம் திரும்பும்போது கேம் படத்தைத் திருப்பிக்கொள்ளும். முதுகுக் கூடைக்கு அது பொருத்தம், எப்படித் திரும்பினாலும் முதுகில்தான் இருக்கும். முந்தானை மட்டும் தோள் மாறிவிடும். அதற்கு வழியில்லை.

சின்ன உருவத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அண்ணன் மகள் தன்னையே வரைந்தாள். இரட்டைச் சடை, பள்ளிக்கூட ஸ்வெட்டர். ஆக எங்கள் கேமில் காளான் எடுத்தால் சிறுமி அப்பாயியாக வளர்வாள், எதிரி இடித்தால் அப்பாயி மறுபடி சிறுமியாவார். இந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

ஐந்தாம் படி: கணினியில் ஏற்றுவது

எமுலேட்டரை மூடிவிட்டு ஒய்ஒய்-சிஎச்ஆரில் அதே நகலைத் திறங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். இதில் நான் ஒரு மாலையை இழந்தேன்: நிறம் மாற்றும் முன்பே வரையும் மென்பொருளில் திறந்து வைத்திருந்த பழைய கோப்பை அப்புறம் சேமித்தேன், நிறமெல்லாம் மரியோவுடையதாகவே திரும்பிவிட்டது.

வடிவம் 2 பிட் நெஸ் என்று இருக்கட்டும். முகவரி 8010க்குப் போங்கள் (இதுவும் ஹெக்ஸ் எண்), படங்கள் அங்கே தொடங்குகின்றன. 8000இல் நின்றால் எல்லாம் ஒரு டைல் தள்ளித் தெரியும், 16 பைட் நகர்த்தினால் சரியாகிவிடும். பெரியவரின் எட்டுத் துண்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இல்லாமல் ஒரே வரிசையில் கிடக்கும்: தலை இடது, தலை வலது, அடுத்து அதற்குக் கீழிருக்கும் இரண்டு, இப்படி. நோட்டில் எழுதிய எண்கள் இங்கேதான் கைகொடுக்கும். மென்பொருள் காட்டும் நிறங்களைப் பொருட்படுத்தாதீர்கள். முதல் நிறம், இரண்டாம் நிறம், மூன்றாம் நிறம் என்ற வரிசைதான் கோப்பில் பதிகிறது.

252ஆம் டைல் காலியாக இருக்கும். இடம் இருக்கிறதே என்று அதில் எதையும் வரையாதீர்கள். சின்ன உருவத்தின் தலைக்கு மேலுள்ள வெற்றிடத்துக்கு அந்தக் காலி டைலைத்தான் கேம் பயன்படுத்துகிறது. வரைந்தால் அது குழந்தையின் தலைக்கு மேல் மிதக்கும்.

ஆறாம் படி: ஆடிப் பார்ப்பது

நடை, ஓட்டம், சறுக்கல், குதி, குனிதல், கொடிக்கம்பம், நீச்சல், நெருப்பு எறிதல் என்று ஒவ்வொன்றையும் சின்ன உருவத்திலும் பெரிய உருவத்திலும் பாருங்கள். எங்காவது மீசையோ தொப்பியோ எட்டிப் பார்க்கும். பிபியு வியூவரில் அதன் எண்ணைக் கண்டுபிடித்து மாற்றுங்கள். நீச்சலில் எங்களுக்கு மூன்று டைல் விட்டுப்போயிருந்தது.

குதிக்கும் உயரமும் ஓடும் வேகமும் மாறாது. அவை நிரலில் இருப்பவை. மேலே இருக்கும் பெயரையும் மாற்றலாம், ஆனால் அதே எழுத்து டைல்கள் மற்றச் சொற்களிலும் வருவதால் தமிழில் எழுதுவது தனி வேலை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஏழாம் படி: பேட்ச்

மாற்றிய கேமை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். கேம் நிண்டெண்டோவுடையது, நம்முடையது நாம் வரைந்த பகுதி மட்டும். ஃப்ளோட்டிங் ஐபிஎஸ்ஸில் கிரியேட் பேட்ச் அழுத்தி, முதலில் மூலக் கோப்பு, பிறகு மாற்றிய கோப்பு என்று கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் சில கிலோபைட்டில் வரும். பெறுகிறவர் தன் கோப்பின் நகலில் அப்ளை பேட்ச் அழுத்திச் சேர்த்துக்கொள்வார். அவருடைய கோப்பும் 40,976 பைட்தானா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.